இலங்கையில் மரண தண்டனை: அற, சமய விவாதத்தின் வரலாறு

இலங்கையில் மரண தண்டனை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நீதிமன்றங்கள் இன்றும் அதை விதிக்கின்றன. ஆனால் 1976 ஜூன் மாதத்துக்குப் பிறகு அங்கே சட்டப்படி யாரும் தூக்கிலிடப்படவில்லை. கொல்லாமையை முதல் சீலமாகக் கொண்ட பௌத்தத்துக்கு அரசியலமைப்பிலேயே முதன்மை இடம் தந்திருக்கும் நாடு இது. தூக்குக்கயிற்றை விட்டொழிக்கவும் முடியாமல், கையில் எடுக்கவும் முடியாமல் அது அரை நூற்றாண்டாகத் தவிக்கிறது.

இந்தத் தவிப்பு பழையது. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட சிறிசங்கபோதி மன்னனைப் பற்றி மகாவம்சம் ஒரு செய்தி சொல்கிறது. நாட்டில் கலகக்காரர்கள் பெருகியபோது மன்னன் அவர்களைப் பிடித்துவரச் செய்து, யாருக்கும் தெரியாமல் விடுவித்துவிட்டான். பிறகு ஏற்கெனவே இறந்துபோனவர்களின் உடல்களை இரகசியமாகத் தருவித்து, ஊரறிய எரித்தான். எரிவது கலகக்காரர்கள்தான் என்று நம்பி மக்கள் அஞ்சினார்கள். உயிரைப் பறிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அதே சமயம், தண்டனை பற்றிய அச்சம் இல்லாமல் நாட்டை ஆளலாம் என்ற துணிவும் வரவில்லை. பின்னாளில் நடந்த விவாதத்தின் இரண்டு தரப்பும் இந்த ஒரே மனிதனுக்குள் இருந்தன. அரியணையை விட்டுப் போன அவன், தன் தலைக்கு விலை வைக்கப்பட்டதை அறிந்து, அந்தப் பரிசு கிடைக்கட்டும் என்று ஓர் ஏழைக்குத் தலையையே கொடுத்ததாக மரபு சொல்லும். அது நடந்ததாகச் சொல்லப்படும் ஊர் அத்தனகல்ல.

பாலி நூல்களில் மரண தண்டனைக்கு எதிராக இன்னும் ஆழமான வாதம் உண்டு. தீக நிகாயத்தின் சக்கவத்தி சீஹநாத சுத்தம் வறுமையிலிருந்து களவு பிறப்பதையும், களவை ஒழிக்க அரசன் தலையை வெட்டத் தொடங்குவதையும், அதைப் பார்த்து மக்களும் வாளெடுப்பதையும் படிப்படியாகக் காட்டுகிறது. ஆனால் அரண்மனைகள் வேறு வழியில் போயின. 1814இல் கண்டியில், தன்னை எதிர்த்த அமைச்சர் எஹலப்பொலவின் மனைவி, பிள்ளைகளைக் கொல்வித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதன் உச்சம்.  கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர்கள் செய்த 1815 கண்டி ஒப்பந்தம் சித்திரவதையையும் உறுப்பு வெட்டுவதையும் ஒழித்தது. ஆளுநரின் எழுத்து மூலமான ஆணை இல்லாமல் யாரையும் கொல்லக் கூடாது என்றது. மூன்றே ஆண்டில், கலகத்தில் தோற்ற கெப்பெட்டிபொலவின் தலையை அதே ஆங்கிலேயர்கள் போகம்பறையில் வெட்டினார்கள்.

சுதந்திர இலங்கையில் விவாதத்தைச் சட்டமாக்கியவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அத்தனகல்ல தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் அவர். 1956இல் பிரதமரானதும் தூக்கை நிறுத்தி வைத்தார். 1958இல் அதற்குச் சட்டமும் வந்தது. குற்றவியல் அறிஞர் நார்வல் மொரிஸ் தலைமையில் ஓர் ஆணைக்குழுவும் அமைந்தது. தூக்கு நின்றதால் கொலைகள் கூடின என்பதற்குச் சான்றில்லை, நிறுத்தம் தொடரட்டும் என்று அது 1959இல் பரிந்துரைத்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி, பிரதமரின் கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் வீட்டின் விறாந்தையில் பார்வையாளர்களிடையே தல்துவே சோமாராம தேரர் உட்கார்ந்திருந்தார். அவர் ஆயுர்வேதக் கண் வைத்தியர். பிரதமர் அருகில் வந்து கைகூப்பி வணங்கினார். காவியுடைக்குள் மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியை எடுத்துத் தேரர் சுட்டார். குண்டுகள் பாய்ந்த உடலோடு மருத்துவமனையில் கிடந்த பிரதமர், நாட்டு மக்களுக்கு ஒரு செய்தி சொல்லி எழுதவைத்தார். சுட்டவரிடம் கருணை காட்டுங்கள், பழிவாங்கப் பார்க்காதீர்கள் என்பது அதன் சாரம். மறுநாள் அவர் இறந்தார்.

அவருடைய வேண்டுகோளை நாடு கேட்கவில்லை. சில வாரங்களிலேயே தூக்கு மீண்டும் சட்டமாயிற்று. அதுவும் முன்பு நடந்த கொலைக்கும் பொருந்தும்படி. ஆனால் அவசரத்தில் எழுதிய அந்தச் சட்டத்தில் கொலைச் சதி விடுபட்டுப் போயிருந்தது. மரண தண்டனை பெற்ற மூவரில், சதியின் மூளை எனப்பட்ட களனி விகாராதிபதி புத்தரக்கித தேரரும் எச்.பி. ஜயவர்தனவும் அந்த ஓட்டையால் ஆயுள் தண்டனையோடு தப்பினார்கள். சுட்ட சோமாராம மட்டும் 1962 ஜூலை 6ஆம் தேதி வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். அதற்குச் சற்று முன்புதான் அவர் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். தூக்கை நிறுத்திய மனிதரின் பெயரால் தூக்கு திரும்ப வந்ததே இந்த வரலாற்றில் மிகவும் வேதனையான பக்கம்.

1978 அரசியலமைப்புக்குப் பின் எந்த ஜனாதிபதியின் காலத்திலும் தூக்கு நிறைவேறவில்லை. அதனால் மரண தண்டனைக் கைதிகள் பாதுகாப்பாக இருந்தார்கள் என்று பொருளில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டு வெலிக்கடையில் அடைக்கப்பட்டிருந்த தமிழ்ப் போராளிகள் குட்டிமணியும் ஜெகனும் 1983 ஜூலையில் சிறைக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் அங்கே கொலையுண்ட தமிழ்க் கைதிகள் 53 பேர்.

தூக்குப் போடுபவருக்கு இலங்கையில் ‘அலுகோசு’ என்று பெயர். போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். 2014இல் அந்த வேலைக்குச் சேர்ந்த ஒருவர் தூக்குமேடையைப் பார்த்த அதிர்ச்சியில் விலகிவிட்டார். 2019இல் சிறைச்சாலைத் திணைக்களம் கொடுத்த விளம்பரம் நல்லொழுக்கமும் மனவலிமையும் உள்ள ஆண்களைக் கேட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். போதைப்பொருள் குற்றவாளிகளைத் தூக்கிலிட ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உறுதியாக இருந்த காலம் அது. 2018 ஜூலையில் கர்தினால் மல்கம் ரஞ்சித் அந்த முடிவை ஆதரித்துப் பேசியது சர்ச்சையானது. அடுத்த மாதமே பாப்பரசர் பிரான்சிஸ், மரண தண்டனை எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலைத் திருத்தினார். டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் தூக்கை நிறுத்தி வைக்கும் தீர்மானத்துக்கு இலங்கையே ஆதரவாக வாக்களித்தது. 2019 ஜூனில், நால்வரின் தூக்கு ஆணையில் கையெழுத்திட்டுவிட்டதாகச் சிறிசேன அறிவித்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது.

தூக்கை எதிர்ப்பவர்களுக்குக் கடினமான கேள்வி 2020 மார்ச்சில் வந்தது. மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு சிறுவர்கள் உட்பட எட்டுத் தமிழரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றிருந்த இராணுவச் சார்ஜண்டுக்கு ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மன்னிப்பு வழங்கி வெளியே விட்டார். தூக்கைத் தவிர்ப்பது வேறு, குற்றத்தையே இல்லாததுபோல ஆக்குவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது, கருணை என்ற சொல்லையே கொல்லப்பட்டவர்களின் வீடுகளில் கசக்க வைத்துவிடும்.

2022 ஆகஸ்டில், ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க எந்தத் தூக்கு ஆணையிலும் கையெழுத்திட மாட்டார் என்று சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் வந்த திருத்தச் சட்டம், 5 கிராமோ அதற்கு மேலோ ‘ஐஸ்’ போதைப்பொருள் வைத்திருப்பதையும் மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது.