கிளாசுகோ நகரில் குடிக்கூலி உயர்வும் அதற்குரிய நாளும்

குடிக்கூலிக் கட்டுப்பாட்டின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் தொகையைப் பற்றியே பேசுவர். எத்துணை விழுக்காடு உயர்த்தலாம், உயர்த்தியது முறையா என்பனவே அவர்தம் வினாக்கள். ஆயின் வீட்டுடையார்க்கும் குடியிருப்போர்க்கும் இடையே எழுந்த வழக்குகளைக் கூர்ந்து நோக்குவார்க்குத் தொகையினும் நாளே பெரிதாய் நின்றமை புலனாகும். எந்நாளில் உயர்த்துவது, எந்நாளில் அறிவிப்பது, எந்நாளைய கூலியை அளவாகக் கொள்வது என்பவற்றில்தான் இருதிறத்தாரும் தம் வலிமையைக் காட்டினர். இதற்கு ஸ்காத்துலாந்தின் கிளாசுகோ நகரமும் அதனை அடுத்த கிளைடுபாங்கும் சிறந்த சான்றாகும். 1911 முதல் 1923 வரை அங்கு நிகழ்ந்தவற்றை ஈண்டு ஆராய்வோம்.

அந்நகரில் தொழிலாளர் வாழ்ந்த அடுக்கு வீடுகள் நெடுங்காலமாக ஆண்டு ஒப்பந்தத்தின் மேல் விடப்பட்டன. மே 28ஆம் நாள் ஒப்பந்தம் தொடங்கும் தவணை நாள். அன்று நகரெங்கும் தட்டுமுட்டுப் பொருள்கள் வண்டியேறும். ஆனால் அடுத்த ஆண்டிற்குரிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டிய காலமோ அதற்குப் பல திங்கள் முன்னரே, குளிர்காலத்திலேயே வந்துவிடும். கப்பல் தளத்தில் நாளை வேலை உண்டோ இல்லையோ என்று அறியாத ஒருவன் ஓராண்டு முழுவதற்குமான கூலிக்குத் தன்னைப் பிணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் அம்முறையைத் தொழிலாளர் வெறுத்தனர். எனினும் அதில் ஒரு நன்மை மறைந்து கிடந்தது. கூலியை உயர்த்த வீட்டுடையார்க்கும் ஆண்டில் ஒரு முறையே வாய்ப்பிருந்தது.

1911ஆம் ஆண்டின் ஸ்காத்துலாந்து வீட்டு வாடகைச் சட்டம் இம்முறையை மாற்றியது. சிறு வீடுகளைத் திங்கள் கணக்கில் விடும் வழக்கம் அதனால் பரவியது. தொழிலாளர் கேட்டுப் பெற்ற சீர்திருத்தம் அது. ஆயினும் குறுந்தவணை இருபுறமும் கூருள்ள வாளாயிற்று. வேலை இழந்தவன் விரைவில் வீட்டை விட்டு நீங்கலாம் என்ற உரிமையோடு, வாடகை முகவர் எந்தத் திங்களிலும் கூலியை உயர்த்தலாம் என்ற உரிமையும் உடன் வந்தது. 1915ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் போரே காரணம் என்று கூறுவது வழக்கம். போர் காரணமே. ஆனால் ஓராண்டிற்குள் கூலி மீண்டும் மீண்டும் உயர்வதற்கு வழிசெய்தது 1911ஆம் ஆண்டுச் சட்டம் என்று யாம் கருதுகிறோம்.

போர் மூண்டதும் கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் தளங்களுக்கும் படைக்கலத் தொழிற்சாலைகளுக்கும் மக்கள் பெருந்திரளாக வந்தனர். புதிய வீடுகள் எழவில்லை. ஆடவர் பலர் போர்முனைக்குச் சென்றிருந்தனர். இந்த வேளை பார்த்தே உயர்வுகள் வந்தன. கோவன் பகுதியில் மேரி பார்பர் முதலிய மகளிர் தெருத்தெருவாகக் குழு அமைத்தனர். உயர்வை மட்டும் நிறுத்திப் பழைய கூலியைக் கொடுக்க முன்வந்தோரும் பலர். 1915ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் இதில் ஈடுபட்டன. நவம்பர் 17இல் ஒரு முகவர் 18 பேர் மீது சிறுகடன் மன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வெளியேற்றக் கேட்டால் மகளிர் வாயிலை மறிப்பர். கடன் வழக்காயின் சம்பளத்திலிருந்தே பிடித்துவிடலாம் என்பது கணக்கு. தொழிற்சாலைகளைத் துறந்து ஆயிரக்கணக்கானோர் மன்றத்தைச் சூழ்ந்தனர். இலாய்டு சார்சின் தலையீட்டால் வழக்குக் கைவிடப்பட்டது. நவம்பர் 25இல் மசோதா நாடாளுமன்றத்திற்கு வந்தது. திசம்பர் 23இல் அது சட்டமாயிற்று.

அச்சட்டத்தின் உயிர்நிலை ஒரு நாளே. 1914 ஆகஸ்டு 3, அதாவது பிரித்தானியா போர் அறிவித்ததற்கு முந்திய நாள். அன்றைய கூலியே அளவுக்கூலி எனப்பட்டது. கடந்துபோன நாளை அளவாக வைத்தமையால் இனி வேளை பார்ப்பதற்கு இடமில்லாது போயிற்று. இதில் ஒரு கோணலும் உண்டு. அந்நாளுக்குச் சற்று முன்னர் உயர்த்திய பேராசைக்காரர் தம் உயர்வைக் காத்துக்கொண்டார். இரக்கத்தால் உயர்த்தாதிருந்தவர் குறைந்த தொகையிலேயே கட்டுண்டார். பம்பாயின் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் 1940 செப்டம்பர் 1 என ஒரு நாளையே அளவாகக் கொண்டது. அங்கும் பின்னாளில் இத்தகைய கோணல்களே வழக்குகளாயின.

போர் முடிந்தபின் வந்த 1920ஆம் ஆண்டுச் சட்டம் உயர்வுக்கு இசைந்தது; ஆனால் படிப்படியாக. முதலாண்டில் 30 விழுக்காடு வரை, பின்னர் 40 விழுக்காடு வரை. இதில் 25 விழுக்காடு வீட்டைப் பழுதுபார்ப்பதற்காக. எழுத்து மூலம் முறைப்படி அறிவித்து நான்கு முழு வாரங்கள் கழிந்தபின்னரே உயர்வு செல்லும். கிளைடுபாங்கில் குடியிருப்போர் பணம் கட்ட மறுத்ததோடு, இவ்வறிவிப்புத் தாளைச் சொல் சொல்லாக ஆராயவும் தொடங்கினர். வீட்டுடையார் வீட்டைத் திரும்பப் பெறும் உரிமை உடையராய் இருக்கும்போதுதான் உயர்த்தலாம் என்று சட்டம் கூறிற்று. அவ்வாறாயின், நடப்பிலுள்ள ஒப்பந்தத்தை முடிக்கும் அறிவிப்பு முதலில் வேண்டும் அன்றோ? முகவர் பலர் அதனை அனுப்பவேயில்லை. கெர் எதிர் பிரைடு என வழங்கும் வழக்கில் 1922 நவம்பரில் பிரபுக்கள் சபை குடியிருப்போர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இரண்டாண்டாகத் தண்டிய உயர்வுகள் ஒரு தாளின் குறையால் ஆதாரம் இழந்தன. அதே திங்களில் நடந்த பொதுத் தேர்தலில் கிளாசுகோவின் 15 இடங்களுள் 10 தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. தீர்ப்பு ஒன்றே இதற்குக் காரணம் என்னோம்; ஆயின் குடிக்கூலி அத்தேர்தலின் பெரும்பொருளாய் இருந்தது உறுதி.

அரசு காலத்தைப் பின்னோக்கித் திருத்தியது. 1923இல் இயற்றிய தனிச் சட்டத்தால், முன் அனுப்பிய உயர்வு அறிவிப்பே ஒப்பந்தத்தை முடிக்கும் அறிவிப்புமாகும் என்று விதித்தது. அனுப்பப்படாத தாள் அனுப்பப்பட்டதாயிற்று! மன்றத்தில் வென்றவர் நாடாளுமன்றத்தில் தோற்றனர் எனலாம். கிளைடுபாங்குப் போராட்டம் 1927 வரை நீண்டமைக்கு இவ்வேமாற்றமும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

அதே ஆண்டு வந்த மற்றொரு சட்டமோ நாளைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றலை வேறொரு வழியில் வீட்டுடையார்க்குத் திருப்பித் தந்தது. குடியிருப்பவர் நீங்கி வீடு காலியாய்க் கைக்கு வந்தால் அவ்வீடு கட்டுப்பாட்டினின்றும் விடுபடும். இனி உயர்வுக்குரிய நாள் மே 28 அன்று. நான்கு வாரம் கழிந்த நாளும் அன்று. பழையவர் வெளியேறும் நாளே அது. பொறுத்திருப்பார் சிலர், விரைவுபடுத்துவார் சிலர். 1939இல் இரண்டாம் போர் மூண்டபோது கட்டுப்பாடு மீண்டும் பரந்தது. ஆயினும் 1957ஆம் ஆண்டுச் சட்டம் காலி வீட்டு விதியை மறுபடியும் கொணர்ந்தது. இலண்டனின் நாட்டிங்கில் பகுதியில் பீட்டர் இராக்மன் என்பாரின் வீடுகளில் குடியிருந்தோர் அச்சுறுத்தி வெளியேற்றப்பட்ட செய்திகள் 1963இல் நாடெங்கும் பேசப்பட்டன. குடியிருப்போரைத் துன்புறுத்தி வெளியேற்றுதலை 1965ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது.