பூட்டிக் கிடந்த வீட்டில் வெடித்த ஃப்ரிட்ஜ்... குளிர்ச்சி தரும் பெட்டி தீப்பிடிப்பது எப்படி?

2022 நவம்பர் 4, அதிகாலை. தாம்பரத்தை அடுத்த ஊரப்பாக்கத்தில், பல மாதங்கள் பூட்டிக் கிடந்த அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியிருந்த குடும்பத்தினர் தூங்கிக்கொண்டிருந்தனர். அப்போது ஃப்ரிட்ஜ் வெடித்தது. புகையில் மூச்சுத்திணறி 3 பேர் உயிரிழந்தனர். ஜில்லுனு தண்ணி தர்ற பெட்டி எப்படி வெடிக்கும்?

ஃப்ரிட்ஜ் என்ன செய்கிறது?

ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். கையில் சானிடைசர் ஊற்றினால் ஜில்லென்று இருக்குமே, அதே கதைதான். திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும்.

ஃப்ரீசர் குழாய்களில் ஆவியாகும் வாயுவை கம்ப்ரசர் அழுத்துகிறது. அது சூடாகி, பின்பக்கம் அல்லது பக்கவாட்டுக் குழாய்கள் வழியாக வெப்பத்தை அறைக்குள் விட்டு மீண்டும் திரவமாகிறது. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டைத் தொட்டால் சுடுவது இதனால்தான்.

ஆபத்து எங்கே?

ஒன்று, வெப்பம் வெளியேற வழியில்லாதது. சுவரோடு ஒட்டி வைத்தாலோ, குழாயில் தூசி படிந்தாலோ உள்ளே அழுத்தம் ஏறும். கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடிச் சூடாகும்.

இரண்டு, வாயுக் கசிவு. இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது ஆர்600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன். அளவு சில பத்து கிராம்தான். ஆனால் காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே, ஒரு சின்ன தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். சிலிண்டர் கேஸ் போல வாசனை காட்டிக் கொடுக்காது. காற்றைவிட கனமானது என்பதால் மூடிய அறையில் கீழே தங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

* சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடையே கையேட்டில் சொன்ன இடைவெளி விடுங்கள்.
* ஃப்ரீசர் ஐஸை கத்தியால் குத்தாதீங்க. குழாய் ஓட்டையாகலாம்.
* பிளக், வயர் சூடானாலோ, கருகிய வாடை வந்தாலோ மெக்கானிக்கை அழையுங்கள்.
* நீண்ட நாள் ஊருக்குப் போனால் ஃப்ரிட்ஜைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, கதவைச் சற்றே திறந்து வையுங்கள்.
* திரும்பி வந்ததும் முதலில் ஜன்னல், கதவுகளைத் திறந்து காற்றோட்டம் வர விடுங்கள். லைட் சுவிட்ச் அதற்கு அப்புறம்தான்!
* தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.