துக்கமும் பொதுநிகழ்வும்: மலையக வரலாற்று நோக்கில் சில குறிப்புகள்

தேசிய துக்கம் அனுட்டிக்கப்படும் காலத்தில் பொதுநிகழ்வுகளை நடத்தலாமா, நிறுத்திவிட வேண்டுமா என்னும் வினா பெரும்பாலும் மரியாதை பற்றிய வினாவாகவே எழுப்பப்படுகின்றது. இறந்தோருக்குச் செலுத்த வேண்டிய மரியாதையை விழாவும் கேளிக்கையும் குலைக்கும் என்பர் ஒரு சாரார். வாழ்வோரின் தேவைகளைத் துக்கத்தின் பெயரால் முடக்குதல் தகாது என்பர் மறுசாரார். இவ்விரு வாதங்களும் ஓர் எடுகோளை ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றன. தேசம் ஒன்று, அதன் துக்கமும் ஒன்று, அத்துக்கத்தின் சுமை யாவர் மீதும் சமமாகவே விழுகின்றது என்பதே அவ்வெடுகோள். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரின் வரலாறு இதனை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது. யாருடைய துக்கம் தேசியத் துக்கமாகக் கொள்ளப்படுகின்றது, அதன் விலையைச் செலுத்துவோர் யாவர் என்னும் இரு வினாக்களை முன்வைத்து இப்பொருளை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

1. விழாவும் துக்கமும் சந்தித்த நாட்கள்

1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் புதுதில்லியில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திய அரசு 13 நாள் துக்கம் அறிவித்தது. மரணச் சடங்குகளுக்கு மரபு வகுத்த கால அளவே அரசின் துக்கத்துக்கும் அளவாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. பெப்ரவரி 12ஆம் நாள் அன்னாரின் அஸ்தி பிரயாகையில் கரைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையும் தன் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது.

அதே நாட்களிலேயே இலங்கையும் தன் வரலாற்றின் பெருநாட்களைக் கொண்டாடியது. பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. பெப்ரவரி 10ஆம் நாள் கொழும்பு டொரிங்டன் சதுக்கத்தில் குளோஸ்டர் கோமகன் புதிய டொமினியனின் பாராளுமன்றத்தை வைபவரீதியாகத் திறந்துவைத்தார். இவ்விரு நாட்களும் இந்தியாவின் பதின்மூன்று நாள் துக்கத்துக்குள் அடங்கியவை. விழா நிறுத்தப்படவில்லை. சட்டப்படி குறிக்கப்பட்ட ஒரு நாளை அயல்நாட்டின் துக்கத்துக்காக மாற்ற வேண்டிய கடப்பாடு இலங்கைக்கு இருந்தது என்று கூறுதல் கடினம். புதிதாகச் சுதந்திரம் பெறும் நாடொன்று தன் பிறந்தநாளைக் கொண்டாட முற்பட்டதில் குறைகாண்பதும் நியாயமன்று. லங்கா சமசமாசக் கட்சியினர் அவ்விழாவைப் புறக்கணித்தனர் எனினும் அதற்கான காரணம் துக்கமன்று. கிடைத்தது உண்மையான சுதந்திரமன்று என்னும் அரசியல் நிலைப்பாடே.

ஆயினும் அவ்விழாவுக்கும் அத்துக்கத்துக்கும் ஒருசேர உரித்துடைய மக்கட் கூட்டமொன்று அன்று இலங்கையில் வாழ்ந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் எனக் கணிக்கப்பட்டோர் ஏறத்தாழ 780,000 பேராவர். அவர்களுட் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் கண்டி, பதுளை உள்ளிட்ட மலைநாட்டு நகரங்களுக்கும் சென்றிருந்தார். 1939இல் நேரு வந்தபோது உருவான இலங்கை இந்தியன் காங்கிரஸ் தன் பெயரிலும் அமைப்பிலும் அவ்வுறவைத் தாங்கி நின்றது. அதே மக்கள் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களித்தோருமாவர். தெரிவு செய்யப்பட்ட 95 உறுப்பினருள் எழுவர் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்தோர். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் அவ்வாறு தெரிவானோர்.

ஆதலின் 1948 பெப்ரவரி முதல் வாரத்தில் மலைநாட்டுத் தொழிலாளருக்கு விழாவும் உரியதாயிருந்தது; துக்கமும் உரியதாயிருந்தது. ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை. தந்தையின் மறைவுக்கு அழும் மகள் தன் புகுந்த வீட்டின் உரிமையை இழந்துவிடுவதில்லை. ஆனால் அரசியல் அவ்வாறு நோக்கவில்லை. இந்தியாவின்மீது கொண்ட பற்று, இந்நாட்டின்மீது நிலையான ஈடுபாடின்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது. தாம் சேர்ந்து கொண்டாடிய சுதந்திரத்தின் முதலாண்டு நிறையுமுன்னரே அதன் உறுப்பினர் என்னும் நிலையை அவர்கள் இழந்தனர்.

இதே முரண்பாடு பின்னரும் தோன்றக் காணலாம். 1952 மார்ச் 22ஆம் நாள் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா காலமானார். நாடு துக்கத்தில் ஆழ்ந்தது. அவரது அரசாங்கம் இயற்றிய சட்டங்களால் உரிமையிழந்தோர் ஏப்ரில் 28ஆம் நாள் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினர். இறப்பு நிகழ்ந்து ஐந்து வாரங்களே கடந்திருந்தன. தேசம் துயருறும் வேளையில் கிளர்ச்சி தகுமா என்று வினவுவோர் எந்நாளும் உளர். பொதுத்தேர்தலோ மே மாதத்தில் நடைபெறவிருந்தது. வாக்கற்றோர் தம் குரலை வேறெவ்வேளையில் எழுப்பியிருக்கக்கூடும் என்பதே அதற்கு விடை. 1964 மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்பட விடப்பட்டது. இம்மக்கள் எந்நாட்டின் துக்கத்தில் பங்குகொள்ள வேண்டும் என்பதை எண்களே தீர்மானித்தன எனலாம்.

2. தோட்டத்து மரபு கூறும் விதி

அரசுகளின் துக்க விதிகளை நோக்குமுன், தோட்டத்து மக்கள் தமக்கெனக் கொண்டுள்ள விதிகளையும் நோக்குதல் பயன்தரும். பழைய தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு. திருவிழாவை அறிவித்ததும் அதே தப்பு. இழவைச் சொன்னதும் அதுவே. அடியின் தாளம் மட்டுமே வேறுபட்டது. உழைப்பு, விழா, மரணம் ஆகிய மூன்றும் ஒரே வாழ்வின் கூறுகளாகவே அங்கு இயங்கின.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுமுன் லயத்தில் மரணம் நிகழின் விழாவைத் தள்ளிவைத்தல் எளிது. காப்புக் கட்டிய பின் மரணம் நேரின், பிணம் எடுக்கப்படும் வரை கோயில் நடை சாத்தப்பட்டிருக்கும். எடுக்கப்பட்ட பின் தூய்மை செய்து விழா தொடரும். காப்பணிந்தோர் இழவு வீட்டுக்குச் செல்வதில்லை. உரிய குடும்பத்தார் விழாவில் ஈடுபடுவதில்லை. இதனைத் தமிழ்க் கிராமங்கள் பலவற்றுக்கும் பொதுவான மரபு எனலாம். இதில் மூன்று கூறுகள் மனங்கொள்ளத்தக்கவை. துக்கத்துக்குத் திட்டமான எல்லை உண்டு. இழப்புக்கு அணித்தானோர் மீதே அதன் கடமை மிகுதியாக விழுகின்றது. ஊர் எடுத்துக்கொண்ட பொதுக்கடமை தடைப்படுவதுண்டேயன்றி அழிக்கப்படுவதில்லை.

மலையகத்தின் காமன் கூத்து இதற்கு மேலும் ஒரு படி செல்கின்றது. காமன் எரிக்கப்படுகின்றான், இரதி புலம்புகின்றாள், பின்னர் அவன் உயிர்ப்பிக்கப்படுகின்றான். ஒப்பாரியே அங்கு விழாவின் நடுப்பகுதியாகும். துக்கமும் பொதுநிகழ்வும் எதிரெதிரானவை என்னும் கருத்து இக்கூத்தைப் பேணிய மக்களுக்கு அந்நியமானது.

3. துக்கத்தின் விலை

அரசு துக்கதினம் அறிவிக்கும்போது அதனுடன் விடுமுறையும் வருதலுண்டு. மாதச் சம்பளம் பெறும் அரச ஊழியருக்கு அது சம்பளத்துடன் கூடிய ஓய்வு நாளாகும். தோட்டத் தொழிலாளரின் நிலை வேறு. அவருக்கு ஒருநாட் கூலி 'பேர்' எனப்படும். குறித்த அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். சட்டத்தால் சம்பளத்துடன் கூடிய விடுமுறையென வரையறுக்கப்பட்ட நாட்கள் தவிர, வேலை செய்யாத நாளுக்குப் பேர் இல்லை. தேயிலைச் செடியும் துக்கத்தை அறியாது. குறித்த நாள் இடைவெளியில் பறிக்கப்படாத கொழுந்து முற்றிப்போகும். ஆதலின் நிர்வாகம் வேலையை நிறுத்த விரும்புவதில்லை. நிறுத்தினாலோ இழப்பு தொழிலாளரைச் சார்கின்றது.

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் நாள், பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத்தின் இறுதிச் சடங்கை முன்னிட்டு இலங்கையில் தேசிய துக்கதினம் அனுட்டிக்கப்பட்டது. அரச நிறுவனங்களுக்கு விடுமுறையும் வழங்கப்பட்டது. 1952 முதல் 1972இல் குடியரசு பிரகடனப்படுத்தப்படும் வரை அவர் இந்நாட்டின் அரசியாகவும் இருந்தவர் என்னும் வகையில் அதற்கு முறைமை சார்ந்த நியாயம் உண்டு. எனினும் அவரது முடியின் கீழ் இயங்கிய பேரரசின் தோட்டங்களை உருவாக்கும் பொருட்டுத் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டோர், மன்னாரிலிருந்து மலைநாடு நோக்கிய காட்டுப்பாதையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களுக்காக எக்கொடியும் அரைக்கம்பத்தில் பறக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை வெளியிட்ட ஆங்கிலக் கவிதை நூலான 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்' தேயிலைக்கு உரமாகிப்போன அப்பெயரற்றோரை நினைவுகூர்ந்தமை இவ்வகையில் ஒரு துக்க அனுட்டானமே.

விழாவை நிறுத்துவதிலும் இவ்வாறான விலை உண்டு. தீபாவளிக்குத் தோட்டங்களில் முற்பணம் வழங்கப்படுகின்றது. அது பின்னர் சம்பளத்திற் கழிக்கப்படுகின்றது. விழாவைத் தவிர்க்குமாறு கோருவோர் கடனைத் தவிர்ப்பதில்லை. பலகாரத்துக்கும் துணிக்கும் செலவான பணம் திரும்பி வராது. விழாவை நம்பி வாழும் தப்புக் கலைஞர், சிறு கடைக்காரர் ஆகியோரின் வருவாயும் இதனுடன் பிணைந்தது.

4. துக்கமே பொதுநிகழ்வாகும் நிலை

ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றில் துக்கம் பெரும்பாலும் கூட்டமாகவும் ஊர்வலமாகவுமே வெளிப்படுகின்றது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச்சூட்டுக்குப் பலியானார். 1977 மே மாதத்தில் தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்துத் திரண்டோருள் ஒருவரான சிவனு இலட்சுமணன் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களுக்கு அரசு துக்கம் அறிவிக்கவில்லை. மக்களே அறிவித்தனர். ஜனவரி 10ஆம் நாள் மலையகத் தியாகிகள் தினமாக இன்றும் நினைவுகூரப்படுகின்றது. இவ்விடத்துப் பொதுக்கூட்டத்தை நிறுத்துவது துக்கத்தையே நிறுத்துவதாகும்.

2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் 23ஆம் நாள் தேசிய துக்கதினமாயிற்று. அவ்வாண்டு மே தினக் கூட்டங்களைப் பிரதான கட்சிகள் பாதுகாப்புக் கருதிக் கைவிட்டன. அச்சூழலில் அது பொறுப்பான முடிவே. ஆனால் அதன் விளைவும் கணிக்கப்பட வேண்டும். அவ்வாண்டு ஜனவரியில் செய்யப்பட்ட கூட்டு ஒப்பந்தம் அடிப்படை நாட்சம்பளத்தை 700 ரூபாவாக்கியது. தொழிலாளர் கோரியது 1,000 ரூபா. தம் ஏமாற்றத்தைப் பகிரங்கமாக உரைப்பதற்குரிய மேடையை அவர்கள் அவ்வாண்டு இழந்தனர். 1,000 ரூபா சம்பள நிர்ணய சபையின் வழியாக 2021இலேயே வந்தது. 2020 மே 26ஆம் நாள் காலமான ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக் கிரியைகள் மே 31ஆம் நாள் நோர்வூட்டில் பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளுக்கிடையே நடைபெற்றபோது, துக்கத்தையே வரையறுக்க வேண்டிய நிலை தோன்றிற்று. உயிரைக் காக்கும் பொருட்டு ஒன்றுகூடலைத் தடுப்பது ஒன்று. மரியாதையின் பெயரால் தடுப்பது வேறொன்று. இவ்விரண்டையும் குழப்புதல் ஆகாது.

5. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். அரசின் கேளிக்கைகளும் ஆடம்பர வைபவங்களும் துக்ககாலத்தில் நிறுத்தப்படுதல் பொருத்தமானது. அவற்றின் செலவை அரசே தாங்குகின்றது. மக்களின் சமய, சமூக விழாக்களைப் பொறுத்தவரை, நிறுத்துவதா சுருக்குவதா என்பதை அவர்களே தீர்மானித்தல் வேண்டும். தோட்டத்து மரபு அத்தகைய தீர்மானத்துக்குப் போதிய பக்குவமுடையது. உரிமை கோரும் கூட்டங்களைத் துக்கத்தின் பெயரால் தடுத்தல் எவ்வகையிலும் ஏற்புடையதன்று. இவை யாவற்றுக்கும் மேலாக, தேசிய துக்கதினம் அறிவிக்கப்படுமாயின் அந்நாளுக்குரிய பேர் நாட்கூலித் தொழிலாளருக்கும் இடப்படல் வேண்டும். கூலியிழந்து அழுவோரும் கூலியுடன் அழுவோரும் ஒரே துக்கத்தில் பங்குகொள்வதாகக் கூறுதல் பொருந்தாது.

இவ்வினா வெறும் வரலாற்று வினாவன்று. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தின் பல பகுதிகளிலும் மண்சரிவுகள் உயிர்களைக் காவு கொண்டன. தமக்கெனக் காணியற்றோர், சரிவுகளில் அமைந்த லயங்களில் வாழ நேர்ந்தமை இம்மரணங்களின் காரணங்களுள் ஒன்றாகும். இத்தகைய இழப்பின் முன் இசை நிகழ்ச்சியை நிறுத்துவது தகும். ஆனால் பாதுகாப்பான காணியும் வீடும் கோரி மக்கள் கூடுவார்களாயின் அக்கூட்டத்தை நிறுத்தச் சொல்வோர் இறந்தோரின் பக்கம் நிற்போராகார்.