சும்மா இருக்கும்போது பிராசஸர் எப்படித் தூங்குகிறது? கெர்னல் போடும் கணக்கு என்ன?

மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும் ஆட்டோக்காரரைப் பாருங்க. பச்சை விழ 90 நொடி ஆகும் என்றால் இன்ஜினை ஆஃப் செய்துவிடுவார். 5 நொடிதான் என்றால் தொட மாட்டார். திரும்ப ஸ்டார்ட் பண்ணவும் எரிபொருள் செலவாகுமே!

உங்கள் செல்போன், லேப்டாப் பிராசஸருக்கும் இதே கணக்குதான். வேலை இல்லாத நேரத்தில் அது தூங்கப் போகும். லேசான தூக்கம் முதல் ஆழ்ந்த தூக்கம் வரை பல நிலைகள் உண்டு. ஆழம் கூடக் கூட மின்சாரம் மிச்சம், ஆனால் எழுந்திருக்க நேரமாகும்.

எவ்வளவு நேரம்? 2015-ல் வந்த இன்டெல் ஸ்கைலேக் பிராசஸரை எடுத்துக்கொள்வோம். சி1 என்ற லேசான தூக்கத்திலிருந்து எழ 2 மைக்ரோ நொடி போதும். ஆழமான சி10-ல் இருந்து எழ 890 மைக்ரோ நொடி. அதிலும் 5,000 மைக்ரோ நொடியாவது தூங்கினால்தான் சி10 லாபம் என்கிறது லினக்ஸ் கெர்னலின் அட்டவணை.

இந்த அட்டவணையை வைத்திருப்பது டிரைவர். எந்த நிலை என்று முடிவு செய்வது கவர்னர் என்ற இன்னொரு பகுதி. இரண்டையும் இணைக்கும் 'சிபியு ஐடில்' அமைப்பு 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24-ல் வந்தது. உருவாக்கியவர்களில் ஒருவர் இன்டெல் பொறியாளர் வெங்கடேஷ் பல்லிபாடி. ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகிறது என்பதால், உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் இது சொந்தக் கதைதான்.

சிக்கல் எங்கே? அடுத்த அலாரம் எப்போது என்று கெர்னலுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எப்போது திரையைத் தொடுவீர்கள், வாட்ஸ்அப் மெசேஜ் எப்போது வரும்னு தெரியாது. அதனால் பழைய பழக்கத்தை வைத்து ஊகிக்கிறது. ஊகம் தப்பினால் பேட்டரி இறங்கும், இல்லையென்றால் வேலை தாமதமாகும்.

சில சமயம் தூக்கமே வில்லங்கம். இன்டெலின் பே டிரெயில் பிராசஸர் கொண்ட மலிவு லேப்டாப்கள் பல, லினக்ஸில் ஓடும்போது அப்படியே உறைந்து நின்றன. ஆழ்ந்த தூக்கம்தான் பிரச்னை எனத் தெரியவந்தது. சி1-ஐத் தாண்டாதே என்று இன்டெல் ஐடில் டிரைவருக்கு வரம்பு போட்டுப் பலர் தப்பித்தார்கள். உறைவது நின்றது. ஆனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது, சூடும் கூடியது. மதுரை சித்திரை வெயிலில் அது சின்ன விஷயமில்லை.

பழைய லேப்டாப்பில் யாரோ போட்டுக்கொடுத்த அந்த வரம்பு இன்னமும் இருக்கலாம். 'பவர்டாப்' கருவியைத் திறந்தால் பிராசஸர் எந்த நிலையில் எத்தனை சதவீத நேரம் தூங்குகிறது என்று காட்டும். சும்மா இருக்கும்போதும் சி1-லேயே நின்றால், புதிய கெர்னலுக்கு மாறி வரம்பை நீக்கிப் பார்க்கலாம். மறுபடி உறைந்தால் பழையபடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.