மணல்ல எழுதுன விரலும் மெட்ராஸ் சிஸ்டமும்

"கையக் கட்டு, வாயப் பொத்து, ஆடாம உக்காரு!" ஒன்னாங்கிளாஸ்ல 'அ' கத்துக்கறதுக்கு முன்னாடியே நாம கத்துக்கிட்ட பாடம் இதுதான். உடம்பு அசையாம இருந்தாத்தான் படிப்பு ஏறும்னு ஒரு நம்பிக்கை. ஆனா நம்மூர்ல ஒரு காலத்துல படிப்பே உடம்பு வழியாத்தான் ஏறுச்சு.

1787-ல ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார் மெட்ராஸ் வந்து எறங்கினார். 1789-ல எழும்பூர்ல இருந்த ராணுவ ஆண் அனாதை விடுதி இவர் பொறுப்புக்கு வந்துச்சு. வாத்தியாருங்களோட மல்லுக்கட்டி மனுஷன் அலுத்துப் போயிருந்த நேரம், போற வழியில ஒரு 'மலபார்' பள்ளிக்கூடம் கண்ணுல பட்டுச்சு. (கேரளாவுக்குப் போயிடாதீங்க, அன்னிக்கு வெள்ளைக்காரங்க தமிழர்களை மலபார்னுதான் சொல்வாங்க.) புள்ளைங்க தரையில மணலைப் பரப்பி, விரலால எழுத்து எழுதிட்டு இருந்துச்சுங்க.

திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல எழுதறப்போ வாய் சத்தமா சொல்லும், காது கேக்கும், விரல் எழுத்தோட வளைவு நெளிவுல போய்த் திரும்பும். தப்பாப் போச்சா? உள்ளங்கையால ஒரு தடவு, ஃபார்மேட் ஆயிடும் :-) பேப்பர் செலவும் இல்ல, மை செலவும் இல்ல.

இதை விடுதியில செய்யச் சொன்னா அங்கிருந்த வாத்தியார் ஒத்துக்கல. பெல் என்ன பண்ணார், ஜான் ஃபிரிஸ்கன்ங்கற 8 வயசுப் பொடியன்கிட்ட வகுப்பைக் கொடுத்துட்டார். பையன் ஜெயிச்சுட்டான். அதாவது நம்ம சட்டாம்பிள்ளை முறை! 1796-ல கப்பலேறிப் போன பெல், அடுத்த வருஷமே லண்டன்ல இதைப் புத்தகமாப் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்'னு பேரு. மணல் தட்டு இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போச்சு. பெல் பணத்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல வந்த பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கும் மெட்ராஸ் காலேஜ்னுதான் பேரு.

ஆனா அங்க அவங்களை ரொம்ப ஈர்த்தது விரல் இல்ல, சிக்கனம். ஒரே வாத்தியார், நூத்துக்கணக்குல புள்ளைங்க, மேய்க்கறதுக்குச் சட்டாம்பிள்ளைங்க. சிலேட்டு வந்ததும் மணல் காணாமப் போச்சு. வரிசை மட்டும் நின்னுடுச்சு. பொட்டி தட்டறவன் பாஷையில சொன்னா, ஸ்கேல் பண்ணப் போய் ஃபீச்சரைத் தூக்கிட்டாங்க.

அதுக்காக திண்ணைப் பள்ளிக்கூடம் சொர்க்கம்னு சொல்ல வரல. கோதண்டம்னு கயித்துல தொங்கவிடற தண்டனையெல்லாம் இருந்துச்சு. எல்லா சாதிப் புள்ளையும் அந்தத் திண்ணையில ஏறிட முடியாதுங்கறது அதைவிடக் கொடுமை.

விரல் திரும்பி வந்தது வேற வழியில. பிரான்ஸ்ல இட்டார், அவரோட சீடர் செகுயின் ரெண்டு பேரும் மனவளர்ச்சி குறைஞ்ச குழந்தைகளுக்குத் தொடுதல், அசைவு மூலமா பாடம் சொல்லிக் கொடுத்தாங்க. அதைப் படிச்ச இத்தாலி டாக்டர் மரியா மாண்டிசோரி 1907-ல ரோம்ல ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி ஆரம்பிச்சாங்க. உப்புத்தாள்ல வெட்டுன எழுத்தைக் குழந்தை விரலால தடவும். தரையில வரைஞ்ச கோட்டு மேல, கையில மணியைப் பிடிச்சுக்கிட்டு, சத்தம் வராம நடக்கும். அடக்கிவைக்காம அசைவைப் பழக்கறது. அவங்க பெல்லைப் பாத்துக் காப்பி அடிச்சாங்கன்னு சொல்ல மாட்டேன், அது தனி ரூட்டு.

ஆனா கூத்தைப் பாருங்க, 1939-ல அந்தம்மா பயிற்சி வகுப்பு நடத்த வந்து எறங்கினது நம்ம அடையாறு! பெல் மணலைப் பாத்த ஊருக்கே உப்புத்தாள் வந்து சேந்துச்சு. அடுத்த வருஷம் இத்தாலி போர்ல குதிச்சதும், கூட வந்த மகன் மரியோவை வெள்ளைக்கார அரசாங்கம் முகாம்ல அடைச்சுடுச்சு. அந்தம்மாவோட 70-வது பொறந்தநாளுக்குத்தான் அவரை விட்டாங்க. போர் முடியறவரைக்கும் ஊருக்குத் திரும்ப முடியல. அடையாறு, கொடைக்கானல்னு இங்கேயே வாத்தியாருங்களைத் தயார் பண்ணாங்க.

இந்த வழி பணக்காரப் பள்ளிகளோடவே தங்கிடுமோன்னா, இல்ல. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்ச செயல்வழிக் கற்றல், 2007-08-ல தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போச்சு. பெஞ்சை எடுத்துட்டு, புள்ளைங்களைப் பாயில வட்டமா உக்கார வெச்சாங்க. எந்திரிச்சுப் போய் அட்டையை எடுத்துட்டு வரணும். கரும்பலகையையும் சுவர்ல கீழ எறக்கி, புள்ளைங்க கைக்கு எட்டற மாதிரி வெச்சாங்க.