சின்னம் கிடைக்கும் நாள்: சட்டமன்றத் தேர்தலில் முதல்முறைச் சுயேச்சையும் தேர்தல் சட்டமும்

சுயேச்சைகள் தேர்தலில் நிற்பதையே தடைசெய்யலாம் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2015 மார்ச்சில் வெளியிட்ட 255ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அக்கறையற்றவர்கள், வேறொருவருக்காக நிறுத்தப்பட்ட போலிகள், அல்லது ஒரே பெயரை வைத்து வாக்காளரைக் குழப்ப வந்தவர்கள் என்பது அது சொன்ன காரணம். பரிந்துரை சட்டமாகவில்லை. ஆனாலும் சுயேச்சைகளால் வரும் தொல்லை அவர்களுடைய எண்ணிக்கையால் வருவது என்ற கணிப்பு, தேர்தல் சட்டத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. இக்கட்டுரை அந்தக் கணிப்பை மறுக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல்களை முதன்மைச் சான்றாகக் கொண்டால், போலி வேட்பாளர் சட்டத்தின் சல்லடையில் எளிதாக நழுவிவிடுகிறார். சிக்கிக்கொள்பவர் முதன்முறையாக, வெல்லும் எண்ணத்தோடு, தன் பெயரில் மட்டுமே நிற்பவர். அவரிடமிருந்து சட்டம் பறிப்பது பணத்தைவிட முதன்மையாகக் காலத்தை.

எண்ணிக்கை வாதத்துக்கு எப்போதும் காட்டப்படும் சான்று மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 பேர் களத்தில் இருந்தனர். தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் திரண்டு வந்து மனுத்தாக்கல் செய்ததன் விளைவு அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியதாயிற்று, வாக்குப்பதிவு தள்ளிப்போயிற்று. முடிவில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அதே ஆண்டு ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் நின்றனர். அங்கே ஃபுளோரைடு கலந்த குடிநீர் காரணம். அந்த ஆண்டிலேயே நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தியது. சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. பின்னர் 10,000 ஆயிற்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அதில் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் வேண்டும்.

மொடக்குறிச்சியில் நின்றவர்கள் அக்கறையற்றவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அரசிடம் கொடுத்த மனுவுக்குப் பதில் வராததால் வேட்புமனுவையே கோரிக்கை மனுவாக ஆக்கியவர்கள் அவர்கள். அத்தகைய எதிர்ப்பை வைப்புத்தொகையாலும் தடுக்க முடியவில்லை. மக்களவைக்கான தொகை 25,000 ரூபாயாக உயர்ந்தபின், 2019இல் நிஜாமாபாதில் 185 பேர் நின்றார்கள்; அவர்களில் பெரும்பாலோர் விலை கிடைக்காத மஞ்சள் விவசாயிகள். 2021 சட்டமன்றத் தேர்தலில் கரூரில் 77 வேட்பாளர்கள். கூடிப் போராடுபவர்கள் கூடிப் பணம் கட்டிவிடுகிறார்கள். போலியை நிறுத்துபவருக்கோ 10,000 ரூபாய் ஒரு பொருட்டே அல்ல. கூடுதல் வாக்குச்சாவடி முகவர்கள், கூடுதல் வாகன அனுமதி, எதிராளியின் பெயரிலேயே இன்னொருவர் என அவருக்குக் கிடைக்கும் ஆதாயம் அந்தத் தொகையைவிடப் பெரிது. 2024இல் இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயருடைய வேறு சிலரும் பட்டியலில் இருந்தது நினைவிருக்கும். ஆக, போலிச் சுயேச்சைகள் பெரும்பாலும் பெரிய வேட்பாளர்களின் தேவைக்காக உருவாக்கப்படுபவர்கள். அந்தக் குற்றத்துக்கான தண்டனையை உண்மையான சுயேச்சைக்கு விதிப்பது விந்தையான நீதி.

இனிக் காலக் கணக்கு. 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணைப்படி, சுயேச்சை தன் வேட்புமனுவில் பொதுச் சின்னங்களின் பட்டியலிலிருந்து மூன்றை விருப்ப வரிசையில் குறிப்பிடுகிறார். எது கிடைக்கும் என்பது மனுவைத் திரும்பப்பெறும் கடைசி நாள் முடிந்தபின்தான் தெரியும். அதே சின்னத்தை அங்கீகாரம் பெறாத பதிவுபெற்ற கட்சியின் வேட்பாளர் கேட்டால் அவருக்கே முன்னுரிமை. 2021இல் அந்தக் கடைசி நாள் மார்ச் 22. பரப்புரை ஏப்ரல் 4 மாலையில் ஓய்ந்தது. எனவே ஒரு முதல்முறைச் சுயேச்சை தன் சின்னத்தைச் சொல்லி வாக்குக் கேட்க இருந்தவை பதின்மூன்று நாள்கள். மாநிலத்தில் அப்போது 6.28 கோடி வாக்காளர்கள், 234 தொகுதிகள். தொகுதிக்குச் சராசரியாக 2.68 லட்சம் பேர், முந்நூறுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள். நாளொன்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிப் பகுதிகளைச் சுற்றினால்தான் எல்லா ஊரிலும் ஒரு தடவையாவது தலைகாட்ட முடியும். உதயசூரியனையும் இரட்டை இலையையும் யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவற்றின் வேட்பாளரைத்தான் அறிமுகப்படுத்த வேண்டும். சுயேச்சை இரண்டையும் செய்ய வேண்டும். அவர் பெயரோ, கட்சி வேட்பாளர்களுக்குக் கீழே மூன்றாம் தொகுப்பில், பல சமயம் இரண்டாவது மூன்றாவது வாக்குப்பதிவு எந்திரத்தில் இருக்கும்.

2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றாரே என்று கேட்கலாம். அவர் சட்டப்படி சுயேச்சை. நடைமுறையில் பெரிய கட்சியொன்றின் உடைந்த பாதிக்குத் தலைமை தாங்கியவர். தெருவுக்குத் தெரு ஆள் இருந்தால் இரண்டு வாரத்தில் ஒரு சின்னத்தைப் பதியவைக்கலாம் என்பதைத்தான் அந்த வெற்றி காட்டுகிறது. அதே இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று மறுத்ததால் தள்ளுபடியானது. ஊரறிந்த நடிகரின் பாடே இதுவென்றால், பத்துப் பேரின் கையெழுத்தைப் பரிசீலனை நாள்வரை காப்பாற்றுவது ஒரு பள்ளி ஆசிரியருக்கோ ஓட்டுநருக்கோ எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சின்னத்தின் வலிமையைச் சிறிய கட்சிகள் நன்றாக அறிந்திருக்கின்றன. 2021இல் ம.தி.மு.க. வேட்பாளர்கள் உதயசூரியனில் நின்றார்கள், 2016இல் அ.தி.மு.க. அணியின் சிறிய கட்சிகள் இரட்டை இலையில் நின்றன. சொந்த அடையாளத்தைவிட இரவல் சின்னம் லாபம் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு சரி என்பதற்குச் சான்று வேண்டுமானால், 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் தமிழ்நாட்டில் ஒரு சுயேச்சைகூட வெல்லவில்லை.

செலவு வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். 2021இல் அது 30.8 லட்சம், 2022 முதல் 40 லட்சம். சமத்துவம் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறது. கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர்களுடைய பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது. வேட்பாளர் பெயரைச் சொல்லாமல் கட்சி தன் சின்னத்துக்குச் செய்யும் விளம்பரமும் ஏறாது. கட்சிகளுக்கென்று செலவு வரம்பே கிடையாது. வாக்காளர் பட்டியலை இலவசமாகப் பெறும் உரிமையும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்களுக்கே சட்டத்தில் உண்டு. ஆனால் முடிவு அறிவித்த முப்பது நாளுக்குள் கணக்குக் கொடுக்கத் தவறினால் மூன்றாண்டுத் தகுதிநீக்கம் என்ற விதி மட்டும் எல்லோர்மேலும் சமமாக விழக்கூடியது. தணிக்கையாளரும் வழக்கறிஞரும் கைவசம் இல்லாத முதல்முறை வேட்பாளர்தான் அதற்கு மிக அஞ்ச வேண்டியவர்.

முன்பு நிலைமை வேறாக இருந்தது என்பது மெய். 1952இல் 375 இடங்கள் கொண்ட சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 62 சுயேச்சைகள் தேர்வானார்கள். பெரும்பான்மை இல்லாத காங்கிரஸ் ராஜாஜி தலைமையில் ஆட்சி அமைத்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அன்று வென்றவர்களில் பலர் நிலவுடைமையாளர்கள், ஊர்ப் பெரியவர்கள், சாதித் தலைவர்கள். கட்சி செய்யும் வேலையை அவர்களுடைய நிலமும் உறவும் செய்தன. 1957 வேறொன்றைச் சொல்கிறது. தி.மு.க. அப்போது அங்கீகாரம் பெறாத கட்சி. காஞ்சிபுரத்தில் அண்ணாவும் குளித்தலையில் முதன்முறையாக நின்ற மு. கருணாநிதியும் உட்பட வென்ற 15 பேரும் தேர்தல் ஆணையத்தின் கண்ணில் சுயேச்சைகள். சுயேச்சைகளுக்கு முன்பே தடை இருந்திருந்தால் தமிழ்நாட்டை மாறிமாறி ஆண்ட மரபின் முதல் பதினைந்து பேர் அவைக்குள் நுழைந்திருக்க முடியாது. 255ஆம் அறிக்கையை ஆதரிப்பவர்கள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

வென்றபின்னும் சட்டத்தின் சந்தேகம் தீர்வதில்லை. பத்தாம் அட்டவணைப்படி சுயேச்சை உறுப்பினர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும். நியமன உறுப்பினருக்குக் கிடைக்கும் ஆறு மாத அவகாசமும் அவருக்கு இல்லை. குஜராத்தின் வட்காம் தொகுதியில் 2017இல் முதன்முறையாக நின்ற ஜிக்னேஷ் மேவானி சுயேச்சையாக வென்றார். காங்கிரஸ் அங்கே வேட்பாளரை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே அந்த வெற்றியைப் படிக்க வேண்டும். 2021இல் காங்கிரஸுக்கு ஆதரவு தெரிவித்தபோதும், தகுதிநீக்கத்தின் காரணமாக முறைப்படி சேர முடியாத நிலையைச் சொன்னார். வாக்காளருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்கான விதி என்ற முறையில் இதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் தன்னந்தனியாக நிற்பேன் என்று சொன்னவரை அவையில் இவ்வளவு கண்டிப்பாகத் தனியே நிறுத்தும் சட்டம், தேர்தல் களத்தில் அந்தத் தனியாளுக்கு ஒரு வழியும் திறந்துவைக்கவில்லை.

தீர்வுக்கான முன்மாதிரி தேர்தல் ஆணையத்தின் சின்னங்கள் ஆணையிலேயே இருக்கிறது. அங்கீகாரம் பெறாத, ஆனால் பதிவுபெற்ற கட்சி, குறைந்தது 5 விழுக்காடு தொகுதிகளில் நிற்பதாக இருந்தால் 10பி பிரிவின்கீழ் தன் வேட்பாளர் எல்லோருக்கும் ஒரே சின்னத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். நாம் தமிழர் கட்சி 2021இல் கரும்பு விவசாயி சின்னத்தை மாநிலமெங்கும் கொண்டுசென்றது அப்படித்தான். இதே ஏற்பாட்டை ஒற்றைத் தொகுதிக்கும் விரிக்கலாம். அறிவிக்கைக்கு மூன்று மாதம் முன்பே வைப்புத்தொகை கட்டி, தொகுதி வாக்காளர் நூறு பேரின் சரிபார்த்த கையெழுத்தோடு வரும் சுயேச்சைக்கு ஒரு சின்னத்தை ஒதுக்கிவைக்கலாம். ஆணையை ஆணையமே பிறப்பித்ததால் இந்தத் திருத்தத்துக்கு நாடாளுமன்றம்வரை போக வேண்டியதில்லை. போலிகளும் இதைப் பயன்படுத்துவார்களே என்ற ஆட்சேபம் ஓரளவுக்கே செல்லும்: எதிராளி யார் என்று தெரிந்தபின் கடைசி நாளில் அவசரமாகத் தேடிப் பிடிக்கப்படும் ஒரே பெயர்க்காரரால் மூன்று மாதம் முன்பே வர முடியாது. செல்வாக்குள்ள ஒருவர் வாக்காளர்களுக்கு நன்கு பழகிய பொதுச் சின்னங்களையெல்லாம் தன் ஆட்களை வைத்து முன்பதிவு செய்துவிடலாம் என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. அதற்கு ஒருவருக்கு ஒரு விண்ணப்பம் என்ற விதி போதாது; கையெழுத்திட்ட நூறு பேரும் வேறெந்த விண்ணப்பத்திலும் கையெழுத்திடக் கூடாது என்றும் விதிக்க வேண்டியிருக்கும்.