ஆஷ்விட்ஸில் செல்லோ வாசித்த பெண்

ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பெண் கைதிகளின் இசைக்குழு ஒன்று இருந்தது என்று சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள். எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. அதில் செல்லோ வாசித்த அனிட்டா லாஸ்கர்-வால்ஃபிஷ் பற்றி எங்கே படித்தாலும், "இசை அவரைக் காப்பாற்றியது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பொய்யில்லை. ஆனா கதை அவ்வளவுதானா? நடந்ததை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் வேறு சில விஷயங்களும் கண்ணில் படுகின்றன.

அனிட்டா 1925-ல் ப்ரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். அன்று ஜெர்மனி, இன்று போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப். அப்பா வக்கீல், அம்மா வயலின் வாசிப்பவர், மூன்று பெண்களில் இவர் கடைசி. யூதப் பிள்ளைக்கு செல்லோ சொல்லித்தர ஊரில் ஆள் கிடைக்காமல், 1938-ல் பெர்லினுக்கு அனுப்பினார்கள். அந்த நவம்பரில் யூதர் கடைகளும் கோவில்களும் நொறுக்கப்பட்டபோது பாட்டு வகுப்பு நின்றது, வீடு திரும்பினார். மூத்தவள் மரியான் இங்கிலாந்துக்குத் தப்பிவிட்டாள். ஏப்ரல் 1942-ல் அப்பாவையும் அம்மாவையும் போலந்தின் இஸ்பிட்சாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை.

மிச்சம் இருந்தது அனிட்டாவும் அக்கா ரெனாட்டேயும். காகித ஆலையில் கட்டாய வேலை. அங்கே இருந்த பிரெஞ்சுக் கைதிகள் ஊர் திரும்புவதற்காக இருவரும் ரகசியமாகப் போலிப் பத்திரங்கள் தயாரித்துக் கொடுத்தார்கள். கடைசியில் அதே மாதிரி பத்திரத்தோடு தாங்களும் தப்பப் பார்த்தபோது, ப்ரெஸ்லாவ் ரயில் நிலையத்திலேயே கெஸ்டபோ பிடித்துவிட்டது.

இங்கேதான் ஒரு விசித்திரம். யூதர் என்பதற்காகப் பிடித்திருந்தால் நேராக முகாமுக்குப் போயிருப்பார்கள். போலிப் பத்திரம் என்பது "குற்றம்". குற்றம் என்றால் வழக்கு, விசாரணை, தீர்ப்பு, சிறை எல்லாம் உண்டு! லட்சக்கணக்கானவர்களை விசாரணையே இல்லாமல் கொன்றுகொண்டிருந்த அரசு, இந்த இரண்டு பெண்களுக்கு மட்டும் சட்டப்படி நடந்துகொண்டது. அனிட்டா சிறையில் பொம்மை சிப்பாய்களுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. டிசம்பர் 1943-ல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பியபோதும் தண்டனைக் கைதியாகத்தான் போனார். கூட்டம் கூட்டமாக வந்து இறங்குபவர்களை "வேலைக்கு", "சாவுக்கு" என்று பிரிப்பார்களே, அந்த வரிசையில் அவர் நிற்கவேண்டி வரவில்லை.

உள்ளே தலையை மழித்து, கையில் 69388 என்ற எண்ணைப் பச்சை குத்தினார்கள். அந்த வேலையைச் செய்தவளும் ஒரு கைதிதான். வெளியே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று பேச்சுவாக்கில் கேட்டாள். செல்லோ வாசிப்பேன் என்றார் அனிட்டா. குழுவை நடத்திய அல்மா ரோஸே வியன்னாவின் பெரிய வயலின் கலைஞர், குஸ்தாவ் மாலரின் தங்கை மகள். அவரிடம் வயலினும் மாண்டலினும் இருந்தன. கீழ்ஸ்தாயிக்கு வாத்தியம் இல்லை. செல்லோக்காரி வந்து சேர்ந்தது அவருக்கு அதிர்ஷ்டம், அனிட்டாவுக்கு உயிர்.

காலையும் மாலையும் கைதிகள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது வாசலில் அணிவகுப்பு இசை வாசிக்க வேண்டும். புகைபோக்கிகள் பக்கத்திலேயே. மெங்கலே ஒரு நாள் வந்து ஷூமானின் 'ட்ராய்மெராய்' கேட்டபோதும் வாசிக்கத்தான் வேண்டியிருந்தது. அல்மா கடுமையானவர். டைஃபஸ் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த அனிட்டா சுருதி தப்பியதற்காக ஒரு வாரம் தரை துடைக்க வைத்தார். அப்போது கோபம் வந்தாலும், பின்னால் அனிட்டா அவரை நன்றியோடுதான் பேசினார். அடுத்த ஸ்வரம் சரியாக விழவேண்டுமே என்ற கவலை இருக்கும்வரை வெளியே நடப்பதை நினைக்க நேரமில்லை அல்லவா?

இனி அந்த ஷூ விஷயம். எப்படியும் பிடுங்கிவிடுவார்கள் என்று, வந்த அன்று தன் ஷூவை அந்தப் பச்சை குத்தியவளிடமே அனிட்டா கொடுத்திருந்தார். கறுப்பு ஷூ, சிவப்புக் கயிறு. சில நாள் கழித்துத் தனியாக வந்து சேர்ந்த ரெனாட்டே அதை அடையாளம் கண்டு, இது யாருடையது என்று கேட்டார். அக்கா தங்கை சேர்ந்தது அப்படித்தான். ரெனாட்டே நோயில் விழுந்து எலும்பும் தோலுமாக ஆனபோது, முகாம் தலைவி மரியா மாண்டலிடமே போய் அக்காவுக்கு ஏவல் வேலை வாங்கிக் கொடுத்தார் அனிட்டா. இசைக்குழு தந்த இடம் இல்லையென்றால் அப்படிப் போய்க் கேட்டிருக்க முடியாது.

1944 ஏப்ரலில் அல்மா திடீரென்று நோயில் இறந்தார். இலையுதிர் காலத்தில் யூதப் பெண்களை பெர்கன்-பெல்சனுக்கு மாற்றினார்கள். அங்கே இசை இல்லை, சோறு இல்லை, டைஃபஸ்தான். 15 ஏப்ரல் 1945-ல் பிரிட்டிஷ் படை வந்தபோது ஆயிரக்கணக்கான பிணங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. மறுநாளே பிபிசி ஒலிப்பதிவில் பேசினார் அனிட்டா. வயது பத்தொன்பது. படைக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து, லூனபர்க் விசாரணையில் சாட்சியும் சொன்னார்.

1946-ல் இங்கிலாந்து. பார்த்ததை எல்லாம் உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று வந்தவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் பேசவில்லை. நின்றுபோன செல்லோ படிப்பைத் தொடர்ந்தார். இங்கிலீஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவின் தொடக்ககால உறுப்பினர் ஆனார். அதே ப்ரெஸ்லாவில் பிறந்த பியானோ கலைஞர் பீட்டர் வால்ஃபிஷைக் கல்யாணம் செய்துகொண்டார். மகன் ரஃபேலும் பெயர் பெற்ற செல்லோக் கலைஞர். குழு ஜெர்மனிக்குப் போனால் மட்டும் இவர் போக மாட்டார். 1994-ல்தான் முதல்முறை போனார். பிள்ளைகளுக்காக எழுதி வைத்ததே பின்னால் புத்தகமாக வந்தது. 2018 ஜனவரியில் ஜெர்மன் நாடாளுமன்றத்திலேயே பேசினார். 2025-ல் நூறு வயதைத் தொட்டார்.

இசை காப்பாற்றியது என்று சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. நன்றாக வாசித்தவர்கள் எத்தனையோ பேர் அதே முகாமில் செத்தார்கள். இவருக்கு ஒரு போலிப் பத்திரம், ஒரு வழக்கு, பேச்சுவாக்கில் கேட்ட ஒரு கேள்வி, காலியாக இருந்த ஒரு இடம் எல்லாம் சேர்ந்து அமைந்தது. அதற்குப் பிறகான வாழ்க்கை மட்டும் தற்செயல் இல்லை. பாதியில் விட்ட பாடத்தை இருபது வயதில் மறுபடி எடுத்து உட்கார்ந்ததும், போக மாட்டேன் என்றிருந்த தேசத்துக்கு எழுபதை நெருங்கும் வயதில் போய்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச ஆரம்பித்ததும் அவரே எடுத்த முடிவுகள். அவரைப் பற்றிப் படிக்கிறவர்கள் ஆஷ்விட்ஸோடு நிறுத்திவிடாமல் இந்த இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.